நீர் இறங்கிய கோடை

இந்த முறை நீர்த்தேக்கம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.
போன ஆகஸ்டில் கூடாரக் கயிற்றை நனைத்த தண்ணீர்
இப்போது நூற்றிருபது தப்படி கீழே.
எண்ணியவள் சோர்னிட்சா. ஒன்பது வயதுக் கால்கள்;
எனக்கு எண்பதுதான் இருக்கும்.

மின்சாரத்துக்குத் திறந்துவிட்டார்கள் என்கிறான் லியூபென்.
மலையில் பனியே விழவில்லை என்கிறார்
பக்கத்துக் கூடாரத்து ஸ்டாமென்.
இருவரும் பியர் குடித்தபடி
அரசாங்கத்தைத் திட்டுவதில் ஒன்றுபட்டார்கள்.

அணை கட்டுமுன் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள்
வேர் விரித்து, கறுத்து,
கரையேற முயன்று பாதியில் நின்றுவிட்ட நண்டுகளாய்ச்
சரிவெங்கும்.
மேலே ஊசியிலைக் காடு
எதையும் பார்க்காததுபோல் பச்சையாக இருக்கிறது.

நான் ப்ளோவ்டிவில் மருந்துக்கடையில் நிற்பவள்.
பதினோரு மாதம் நின்ற கால்களை
இங்கே நீட்டிப்போட வருகிறேன்.
கடலுக்குப் போகலாமே என்பான் யாவோர்.
இந்த ஆண்டு அதையும் சொல்லவில்லை.
பதினான்கு வயது.
காரில் நான்கு மணி நேரம்
கண்ணாடிப் பக்கம் திரும்பியே வந்தான்.

மூன்று கோடைக்கு முன்
என் செம்பு ஜெஸ்வே இங்கே தொலைந்தது.
நீளக் கைப்பிடி, அடியில் ஒரு நசுங்கல்,
இரண்டு பேருக்குக் காபி காய்ச்சலாம்.
கழுவப் போனவன் யாவோர் என்றான் லியூபென்.
நான் எடுக்கவே இல்லை என்றான் யாவோர்.
பொய் வேறா என்றான் லியூபென்.
அதன்பின் வீட்டில் காபி பொங்கி வழிந்தாலும் அந்தக் கதை,
விருந்தாளி வந்தாலும் அந்தக் கதை,
சிரித்துக்கொண்டே சொல்வான்.
சிரித்துக்கொண்டே சொன்னால்
உப்பு காயத்தில் எரியாது என்று யார் சொன்னது?
நானும் சிரித்திருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் காலை, எல்லோரும் தூங்கும்போது,
முகம் கழுவச் சரிவில் இறங்கினேன்.
சேறு செருப்பைப் பிடித்துவைத்துக்கொண்டது.
குனிந்த இடத்தில், ஓர் அடிக்கட்டையின் வேர்களுக்கிடையில்,
பச்சை பூத்த ஒரு கைப்பிடி.

இழுத்தேன். வந்தது.
உள்ளே வண்டல்.
வண்டலுக்குள் ஈயக் குண்டுகள்.
தூண்டிலுக்குப் பூட்டுபவை, ஏழு.
சாய்த்துத் துளையிடும் பழக்கம்
எங்கள் வீட்டில் ஒருவனுக்குத்தான்.

வெகுநேரம் அங்கேயே நின்றேன்.
திரும்பப் புதைத்துவிடலாம் என்றும் தோன்றியது.
இருபது வருடத் திருமணத்தில்
புதைத்துவைத்தவை கொஞ்சமா?

அடுப்புக்கு வைத்திருந்த தட்டைக் கல்லில்
ஜெஸ்வேயை வைத்தேன்.
பக்கத்தில் ஏழு குண்டுகளையும் வரிசையாக.
பிறகு தக்காளி நறுக்கினேன்,
வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்தேன்,
தேவைக்கும் அதிகமாக.

லியூபென் வந்தான். கொட்டாவி பாதியில் நின்றது.
ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்,
துளையை.
யாவோர் கூடார வாசலில்,
பாதி திறந்த ஜிப்புக்குப் பின்னால்.

ஒருவரும் பேசவில்லை.
சோர்னிட்சா மட்டும்
"அப்பா, இது நம்ம ஜெஸ்வே!" என்று கத்தினாள்.

லியூபென் சாம்பலும் மணலும் கொண்டு
தேய்க்க உட்கார்ந்தான்.
உணவு ஆறியது. தேய்த்தான்.
ஸ்டாமென் மீன் பிடிக்கக் கூப்பிட்டார். தேய்த்தான்.
பச்சை போய்ச் சிவப்பு வந்தது,
நசுங்கலுக்குள் மட்டும் போகவில்லை.
"களிம்பு. இதில் இனிக் காய்ச்சக் கூடாது" என்றேன்.
மருந்துக்கடைக்காரி வேறெப்படிச் சொல்வாள்?
"தெரியும்" என்றான். தேய்த்தான்.

மதியம் தாண்டி மகனிடம் போனான்.
என்ன சொன்னான் என்று கேட்கவில்லை;
காட்டிலிருந்து காற்று எதிர்ப்பக்கம் வீசியது.
யாவோர் தோளைக் குலுக்கியது தெரிந்தது.
மன்னித்தவன் குலுக்கலா,
இப்போதுதானா என்பவன் குலுக்கலா,
அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும் என்பது பொய்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் இன்னும் இறங்கி
எங்கள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.
நான்கு பேரும் முழங்கால் புதையத் தள்ளினோம்.
"வலது பக்கம்" என்றான் யாவோர், பின்னாலிருந்து.
லியூபென் வலது பக்கம் தள்ளினான்.
"அவ்வளவு இல்லை."
குறைத்தான்.
"இப்போ நிறுத்துங்க, ஒரு கட்டை இருக்கு."
நிறுத்தினான்.