இணைப்பு நான்கு

கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ் மதிலோரம்,
வேம்புக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
என் மேசை.
பட்டா, வாரிசு, முதியோர் பணம்,
அண்ணன் தம்பி வாய்க்கால் தகராறு.
இருபத்திரண்டு வருசமாய்
சொன்னதைத் தட்டுவேன். ஒரு சொல் கூட்டமாட்டேன்.

துசியந்தினி வந்தது குறைதீர்க்கும் நாளில்.
கூட்டி வந்தவள் சொர்ணக்கிளி,
வண்ணார்பேட்டை பைபாஸில் பருத்திப்பால் விற்பவள்.
"யக்கா, இவளும் என்னைய மாதிரிதான்.
ஆனா எனக்குத் திட்டுறதுக்காவது ஒரு ஊரு இருக்கு.
வேற நாட்டுக்குத் தஞ்சம் கேட்டு எழுதணும்,
தமிழ்லயும் இங்கிலீசுலயும், வக்கீல் ஜெபசிங் சொன்னாவ.
காசு நான் தாரேன். அவகிட்ட கேக்காத."

தமிழில் எழுதவே முதலில் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது.
வெருட்டினவை, என்றாள்.
மிரட்டினாங்களா?
ஓம்.
பொலிசில் மூன்று இரவு மறிச்சு வைச்சவை.
தமையன் அடிச்சது கதியாலால்.
தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.
"வேலிக்கு நடுகிற தடி, அக்கா. ஊன்றினால் துளிர்க்கும்."
அதையும் சேர்க்கவா?
துளிர்க்கிறதைச் சேர்க்க வேண்டாம், என்றாள்.

திரும்பிப் போனால் உயிரோடு இருக்க ஏலாது.
இதை மட்டும் கேள்வியில்லாமல் தட்டினேன்.
ஏலாது எங்கள் ஊர்ச் சொல்லும்தான்.
என் அம்மை கடைசிச் சோற்றைத்
தள்ளி வைத்தபோது சொன்னது.

பழைய பெயரைக் கேட்டது படிவம்.
முகாமில் கணக்கெடுக்கும் நாளெல்லாம்
அதற்குத்தான் கை தூக்குகிறாள்,
உதவித்தொகையும் அதற்குத்தான் வருகிறது.
சொன்னாள், தட்டினேன்.
இங்கே எழுதப்போவதில்லை.
கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று.

பயந்தால் மட்டும் போதாதாம்,
பயத்துக்குச் சான்று இணைக்க வேண்டுமாம்.
பையிலிருந்து ஒரு படம் எடுத்தாள்.
தங்கை கல்யாணம். அப்பா, அம்மா, பொண்ணு, மாப்பிள்ளை,
தமையன். அவன் தோளுக்குப் பக்கத்தில்
கத்தரி போன வளைவு,
ஓர் ஆள் உயரத்துக்கு.
"வெட்டிப்போட்டுத்தான் அனுப்பினவை."
அதன் வழியாக என் மேசை தெரிந்தது.

தட்டினேன்:
இணைப்பு நான்கு. குடும்பப் புகைப்படம், ஒன்று.
மனுதாரர் இதில் இல்லை.

வக்கீல் இரண்டு தடவை வாசித்தார்.
திருத்தம் போடத் திறந்த பேனாவை மூடினார்.

ஆதரவுக் கடிதம் மூன்று வேண்டும்.
சொர்ணக்கிளி ஒன்று.
முகாமில் அடுத்த வீட்டு ரீட்டம்மா, கைநாட்டு, ஒன்று.
இன்னொன்றுக்கு யார், என்றார்.
நான் போடுறேன், என்றது
என் குரல்தான்; எனக்கே பிறகுதான் கேட்டது.

மனுதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும்?
விரல் விட்டேன். அவள் வந்ததெல்லாம் திங்கட்கிழமை.
தமிழ்ப் பிரதியில்
"பதினொரு திங்களாக" என்று தட்டினேன்.
பொய்யில்லை.
ஆங்கிலத்தில் கிழமையா மாதமா
என்று பிரித்தாக வேண்டும்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வேம்பம்பழம் ஒன்று விசைப்பலகையில் விழுந்து உருண்டது.

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில்
கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.
இன்னும் பதில் இல்லை.

இருபத்திரண்டு வருசம் ஒரு சொல் கூட்டாதவள் நான்.
அன்றைக்கு எதைத் தட்டினேன் என்று
சொல்ல ஏலாது.