இருபது இஞ்சி

பரந்தன் சந்தி, ஜப்பான் பழஞ்சாமான் கடை.
மின்விசிறிகளுக்குப் பின்னால்
இரண்டு ஒற்றைச்சில்லுச் சைக்கிள்.
"மற்றச் சில்லு கடலுக்கை விழுந்திட்டுது"
என்றார் முதலாளி.
விலை விழவில்லை.

இருபத்துநாலு இஞ்சி கிரவல் றோட்டுக்காம்,
பள்ளங்களை விழுங்கி ஓடுமாம்.
எனக்கு இன்னும் றோட்டு இல்லை;
சங்கத்து நெல் காயப்போடும் தளம்தான்,
அதுவும் அறுவடை வரும்வரை.
இருபதைத் தூக்கினேன்.

சீற்றைத் தொப்புள் மட்டத்துக்கு உயர்த்தி,
கணுக்காலுக்கு இரக்கம் பார்த்து
இரும்புப் பெடலைக் கழற்றிப் பிளாஸ்டிக் போட்டேன்.
மதிலைப் பிடித்து ஏறினேன்.
சும்மா உருள விடாத சில்லு;
கால் நின்றால் தானும் நிற்கும்,
நான் மட்டும் தொடர்ந்து போவேன்.

வெள்ளி பின்னேரம்
மதிலை விட்டு ஏழு சுற்று.

நெல் நிறுக்கும் நிரஞ்சலா
பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறாள்:
ஈரம் கழித்து, ஐந்தரை.