கீழ்ப்பக்க வலை

பலகையில் மூன்று மொழியிலும் பூங்கா என்றுதான் இருக்கிறது.
உள்ளே ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல்,
தண்ணீர் வராத தாமரைத் தொட்டி.
நுவரெலியா போகும் வேன்கள்
படம் பிடிக்க ஐந்து நிமிடம் நிற்கும்.
அதற்குப் பின்னால்
நீளம் முப்பத்தொரு எட்டு, அகலம் பத்தொன்பது,
சமதரை.
நானே நடந்து அளந்தேன்.
சபையின் டேப்பை ஆறு மாதமாகக் காணவில்லை.

இந்தப் பக்கத்தில் சமதரை சும்மா கிடைக்காது.
பிரட்டுக்களம் ஒன்று. கோயில் வாசல் ஒன்று.
மயானம்கூடச் சரிவுதான்.
செத்தவர்களும் இங்கே
காலை ஊன்றித்தான் படுத்திருக்கிறார்கள்.

"இளைஞர் விளையாட்டுக்கு இடம் ஒதுக்குதல்:
பொதுமக்கள் கருத்து."
தாளில் ஆளுக்கு ஒரு வரி.
பெயர், விலாசம், கருத்து.
கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா
என்று எழுதுவதற்குள்ளேயே
வரி தீர்ந்துபோகிறது.

தபால் மாஸ்டர் இருதயராஜுக்குச் சீனி வருத்தம்,
நடக்கப் பாதை வேண்டும்.
ரவூப் நானா ஷாப்பிங் பையிலிருந்து
ஒரு பந்தை எடுத்து மேசையில் வைத்தார்,
போன சித்திரையில் கண்ணாடி அலுமாரியை உடைத்த அதே பந்து.
பின்வரிசைப் பையன்கள்
அதை அடையாளம் கண்டுகொண்டார்கள்.
கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்த புவிராஜன்
சீமெந்துப் பிட்ச் கேட்டான்.
"நான் இருக்க மாட்டேன், தம்பிமாருக்கு" என்றான்.
சங்கத் தலைவர் பதினைந்து நிமிடம் பேசினார்.
எழுத ஒன்றும் அகப்படவில்லை.

பதினாறாவதாக எழுந்தவள் அமலோற்பவி.
பள்ளிக்கூட வெள்ளைக் கவுனுக்கு மேல்
அப்பாவின் ஸ்வெட்டர்.
"அவங்க அடிப்பாங்க.
பந்து வேலியத் தாண்டித் தேயிலைக்குள்ள உருண்டுரும்.
நாங்கதான் எறங்கி எடுக்கிறது.
எந்தக் கானுல போய் நிக்கும்,
எந்த மரத்தடியில அட்டை,
எல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்.
அஞ்சு வருசமா மேல வீசு, மேல வீசுன்னு
எங்களுக்குத் தோள் பலமாயிருச்சி.
கீழ்ப்பக்கம் வலை கட்டுங்க, பன்னெண்டு அடி.
அப்புறம் யார் வெளையாடுறதுன்னு பேசிக்கலாம்."

யாரோ சிரித்தார்கள்.
புவிராஜன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கருத்தை மட்டும் எழுதுங்க மிஸ்" என்றார் செயலாளர்.
எழுதினேன்:
வலை. 12 அடி. கீழ்ப்பக்கம்.
பிறகு ஓரத்தில், பென்சிலால்,
அட்டை.
ஏன் அதை எழுதினேன் என்று
இன்னமும் சொல்லத் தெரியவில்லை.

நாலரைக்குக் கரண்ட் போனது.
ஜன்னல் வழியாக மூடுபனி வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்தது.
மேலும் ஆராயப்படும் என்று முடித்தார்கள்.
டோர்ச் வெளிச்சத்தில் கையெழுத்து வாங்கினேன்.
நானா பையை மட்டும் எடுத்துப் போனார்.
மேசையில் பந்து இல்லை.

ஐந்தரை பஸ்ஸுக்குப் படியிறங்கும்போது
என் முழங்கையை உரசிக்கொண்டு அது போனது,
ஒரு பக்கம் ரோமம் தேய்ந்த டெனிஸ் பந்து,
மூன்று மூன்று படியாகக் குதித்து.
மேலே பனிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அக்கா, பந்து!"

கோப்பைக் கக்கத்தில் இடுக்கி
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கானுக்குள் இறங்கினேன்.
குளிர்ந்த சேறு செருப்புக்குள் ஏறியது.
சந்தியில் பஸ் ஹாரன் அடித்தது.
பந்தை எடுத்துக் குரல் வந்த திசைக்கு
என் பலம் எல்லாவற்றையும் கூட்டி எறிந்தேன்.

பாதித் தூரம்கூடப் போகவில்லை.
ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு
என் காலடிக்கே
திரும்பி வந்தது.