விழுந்த இடத்தில் குந்துவது

"பட்டர்" என்றேன்.
"பாணுக்கோ?" என்றாள் கன்ரீன் றோசலின்.
இல்லையடி, எறியிறதுக்கு.
அன்றிலிருந்து முகாம் முழுக்க
எனக்குப் பேர் பட்டர்க்காரி.

ஞாயிற்றுக்கிழமை, ஒலுமடு.
குளக்கட்டுக்கு இந்தப் பக்கம்
அமலதாசன் ஒட்டித் தந்த கூடை நிற்கிறது:
ட்ரக்டர் றிம், சைக்கிள் கம்பி,
அறுத்துத் தொங்கவிட்ட மோட்டார்சைக்கிள் செயின் இருபத்தாறு.
காற்றடித்தால் தானாகக் கிலுங்கும்.
ஆரோ போட்டுவிட்டான் என்று திரும்பி
ஏமாறாத ஒருவரும் எங்களில் இல்லை.

நிலம் நாங்களே துப்புரவாக்கிக் கையளித்தது.
மூன்று வருசத்துக்கு முன்
இதே ஈச்சம்பற்றையடியில்
சிவப்புத் தலைக் குச்சி நட்டது நான்.

பையில் மூன்று கிடக்கு.
ஒன்று வெள்ளை, மெத்து.
பால்மா ரின் மூடிபோல் வளையும்,
மத்தியான வெயிலில் இன்னும் இளகும்.
கூடைக்குக் கிட்ட நின்று போட அதுதான்.
தூரத்திலிருந்து விட்டாலோ
கச்சான் அதைக் கவிழ்த்து
வலப்பக்கமாய்க் கொண்டுபோய்
வீரைமரத்துக்குள் செருகிவிடும்.

அடுத்தது பச்சை. பாவிப்பதில்லை.
நல்ல பட்டர்தான், நேராய்ப் போகும்.
ஆனால் புல்லுக்குள் வட்டமாய்ப் பச்சையாய் ஒன்று கிடந்தால்
எங்கள் அணியில் ஒருத்தியும் சும்மா குனியமாட்டாள்,
கிழமையில் ஐந்து நாள் அதற்குத்தான் சம்பளம்.
வேணுஜா ஒருமுறை அதை எறிந்துவிட்டு
எடுக்கப் போனவள்
மூன்றடி தள்ளியே முழங்காலில் இருந்துவிட்டாள்.
நாங்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.
கையை நீட்டத்தான் நேரம் எடுத்தது.

மற்றது செம்மஞ்சள். விறைப்பு.
விளிம்பின் அடியில் சின்னதாய் ஒரு வரம்பு ஓடும்,
சுட்டுவிரல் இருட்டிலும் அதைக் கண்டுபிடிக்கும்.
கிறவலில் உரஞ்சி உரஞ்சி
ஓரம் நாய்நாக்குப்போல் சொரசொரத்துவிட்டது.

இப்ப நாற்பது மீற்றர்.
கூடைக்குப் பின்னால் கட்டு,
கட்டுக்குப் பின்னால் தண்ணி,
தண்ணிக்குள் முதலை என்கிறான் டினோஜன்,
எறிந்தது தொலைந்தால் மட்டும் அவனுக்கு முதலை ஞாபகம் வரும்.
என்னைவிட இரண்டு எறி முன்னுக்கு நிற்பவன்
ட்றைவரை உருவினான்.
"மெல்லமா விட்டாச் சரி."
மெல்லமாகத்தான் விட்டான்.
ஓடப் பிறந்ததை மெல்ல விட்டால் அது நிலத்தில் ஓடும்:
கிறவலில் ஒரு துள்ளல், கட்டில் ஒரு துள்ளல்,
பிறகு தாமரை இலைகளுக்கு நடுவில்
ஒரு சத்தம்.

நான் செம்மஞ்சளை எடுத்தேன்.
கச்சான் முகத்துக்கு நேரே.
ஓடிவந்து எறியத் தேவையில்லை.
கால் இரண்டும் நிலத்தில்,
அடியில் விரல்களை விசிறியாய் விரித்து,
மூக்கை நிமிரவிடாமல்,
இடப்பக்கம் ஒரு சொட்டுச் சரித்து,
நெஞ்சுக்கு மேலே எழும்பாத உயரத்தில்.
கிழமை முழுக்க என் கை
ஒரு சென்றிமீற்றருக்கு ஒரு மூச்சு என்று நகர்வது.
ஞாயிறில்தான் அதற்கு
நாற்பது மீற்றர் கொடுக்கிறேன்.

போனது.
காற்று தூக்கிப் பார்த்தது, கவிழ்க்கப் பார்த்தது,
அது மசியவில்லை.
கடைசியில் அலுத்ததுபோல் இடப்பக்கம் சாய்ந்து
நெல்மூட்டை இறக்கினமாதிரித் தொப்பென்று விழுந்தது.
விழுந்த இடத்திலேயே குந்தியது,
கூடைக்கு இரண்டு எட்டு.

நடந்து போய்
வெள்ளையை எடுத்து, தூசி தட்டி,
தூக்குகிறேன்.
கச்சான் ஒருக்கால் அடிக்க
செயின் இருபத்தாறும் கிலுங்க
கட்டில் நின்று அமலதாசன் கைதட்டுகிறான்.

நான் இன்னும் எறியவில்லை.