இரண்டு பல்

கடந்த முப்பது நாளில்
பண்ணை விலங்கு எதையாவது தொட்டீர்களா?
சிட்னி விமானத்தில் கொடுத்த அட்டை கேட்கிறது.
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
நிஸ்வாவின் வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

கோட்டையின் உருண்டைக் கோபுரத்தில்
வெயில் ஏறவில்லை இன்னும்.
அதற்குள் சுழலத் தொடங்கிவிட்டது ஆட்டு வட்டம்.
வாங்குகிறவர்கள் நிற்கிறார்கள்,
ஆடுகள் நடக்கின்றன,
விற்கிறவர்கள் கயிறும் கையுமாய்
விலையைக் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள்.
எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில்
துண்டுக்கு அடியில் விரல்கள் மட்டும் பேசும்.
இங்கே ரகசியமே கிடையாது.
ஸித்தீன்! ஸப்ஈன்!

நான் பல் மருத்துவர்.
ஆம்பூரில் பத்தொன்பது வருடம்,
கையுறை போடாமல் ஒரு வாயைத் தொட்டதில்லை.
தலைப்பாகைக்காரர் ஒருவர்
பழுப்பு மயிர் மலையாட்டின் உதட்டைப் பிதுக்கியதும்
கால் தானாக முன்னே போயிற்று.
மேலே முன்பல்லே இல்லை.
படித்திருக்கிறேன், பார்த்ததில்லை:
இளஞ்சிவப்பாய் ஒரு மெத்தை.
கீழே பால்பற்களுக்கு நடுவில்
அகலமாய் இரண்டு.
"ரெண்டு பல்" என்றேன், எனக்கே.
விரலையும் காட்டியிருக்கிறேன்.

எழுபத்தெட்டில் நின்றிருந்த விலை
என் இரண்டு விரலில் ஏறி
எண்பதாயிற்று.

கயிறு இப்போது என் கையில்.
டாக்ஸிக்காரர் முஹன்னா
பூவேலைத் தொப்பியைக் கழற்றி
வாயைப் பொத்திக்கொண்டார்.
நாளை இரவு விமானம்,
பெட்டிக்கே இருபத்து மூன்று கிலோதான்.
ஆடு என் கைப்பை வாரை மெல்லத் தொடங்கியது
பக்கவாட்டில், நிதானமாக.
நல்ல கடைவாய், குறை சொல்ல முடியாது.

தானம் கொடுத்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
காசு கொடுக்கப்போகிற ஷம்ஸா எல்லாவற்றையும் பார்த்தாள்.
வஹீபா மணலிலிருந்து வந்தவள்,
முகமூடிக்குள் கண்கள் மட்டும்.
முதுகெலும்பை அழுத்தினாள், மடியை இழுத்தாள்,
எழுபத்தொன்பது என்றாள்.
ஒரு ரியால் நட்டம். போகட்டும் என்றேன்.
அவள் நோட்டு எண்ணுகையில்
முஹன்னா என் தொழிலைச் சொல்லிவிட்டார்.
எண்ணுவது நின்றது.

ஹல்வா கடைக்குப் பின்னால்
ஆட்டை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு
முகமூடியின் விளிம்பைத் தூக்கி
வாயைத் திறந்தாள்.
முஹன்னா சுவரைப் பார்த்தபடி நின்றார்.
கைபேசி வெளிச்சத்தில்
கீழே, இடப்பக்கம், ஆறாம் பல்.
கிராம்பு வைத்து அடைத்த குழி.
எத்தனை நாளாக?
நோன்புக்கு முன்பிருந்தே.
பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்தால் போதும் என்றேன்.
சுவர் அதை அரபியில் சொன்னது.

எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.
இந்த ஊர்க் கணக்கு எனக்கென்ன தெரியும்,
ஏறக்குறைய ஓர் ஆடு என்றேன்.
அவள் ஆட்டைப் பார்த்தாள்.
நாக்கு உள்ளே அந்தப் பல்லைத் தேடிப் போவது
கன்னத்தில் தெரிந்தது.
மிச்ச நோட்டுகளையும் எண்ணிக் கொடுத்துவிட்டு
கயிற்றைப் பிடித்து
மறுபடி வட்டத்துக்குள்ளேயே போனாள்.
விற்கவா, துணைக்கு இன்னொன்று வாங்கவா,
முஹன்னாவுக்கும் தெரியவில்லை.

அவள் தாடையைத் தாங்கிய பெருவிரலில்
முகமூடியின் அவுரி நீலம்.
ஓட்டல் சோப்பு, விமானச் சோப்பு,
எதற்கும் அசையவில்லை.
அந்த விரலால்தான் பேனாவை அழுத்துகிறேன்:
ஆம்.
என்ன விலங்கு, விவரம் எழுதவும்
என்று அடுத்த வரி.
இடம் அரை அங்குலம்.