திரையைத் துடைக்க வேண்டாம்

சால்ட்டோ நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
எங்கள் பட்டறை.
செவ்வாய்தோறும் வடக்கிலிருந்து வரும்
பழுதான பள்ளி மடிக்கணினிகள்.
வெங்காயச் சாக்கில்கூட வந்திருக்கின்றன.

ஒன்றுக்குள் எறும்புகள் குடித்தனம் நடத்தின.
ஒன்றுக்குள் மாத்தே இலைத்தூள், இன்னும் ஈரமாய்.
ஒரு பையன்
விழுந்த பால்பல்லை பேட்டரிக்கு அடியில் ஒளித்திருந்தான்.
வில்மார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
அங்கேயே வைத்து மூடினான்.
பழுதுப் பட்டியலில் பல் இல்லை.

இன்று காலை வந்தது
பெல்லா உனியோனிலிருந்து.
நயாரா செக்கெய்ரா, ஐந்தாம் வகுப்பு.
மூடியில் ஒட்டிய குதிரைக்குத் தலை கிழிந்திருந்தது.
சீட்டில் ஆசிரியை எழுதியது ஒரே வரி:
ஒரு விசை இல்லை.

எங்கள் எழுத்தில் வெறுந்தலையோடு நின்றால் ன.
அதன் தலையில் ஒரு சிற்றலை ஏறினால் ஞ.
இல்லாமல் போனது ஞ.
அது இருந்த இடத்தில்
ஈறு மாதிரி ஒரு ரப்பர் மொட்டு.

திரையில் அங்கங்கே நீலப் பேனாக் கீற்றுகள்.
பிள்ளைகள் என்றால் அப்படித்தான்.
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து
இடமிருந்து வலம் ஒரு இழுப்பு,
மேலிருந்து கீழ் ஒரு இழுப்பு.
கண்ணாடி பளிச்சென்று ஆனது.
அதில் என் முகம், திருப்தியோடு.

அப்புறம்தான் பொத்தானை அழுத்தினேன்.
கடைசியாகப் பார்த்த கோப்பு தானே விரிந்தது:
என் குடும்பம். ஒரே பக்கம்.

ஆஞோ என்றால் ஆண்டு.
ஆனோ என்றால் ஆசனவாய்.
அம்மாவுக்கு அது முப்பத்தெட்டு இருந்தது.
வில்மார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்,
நானும்தான்.
மோஞோ, சீருடைக் கழுத்தின் நீல முடிச்சு.
அவளுக்கோ மோனோ, குரங்கு;
தினமும் காலையில் அம்மா இஸ்திரி போட்டுக்
கழுத்தில் கட்டிவிடும் குரங்கு.
தம்பி கடிப்பது நகமாக இல்லை, வெறும் ஒன்றாக இருந்தது.
நாளை என்ற சொல் மட்டும்
எந்த அர்த்தமும் இல்லாமல் இரண்டு இடத்தில் நின்றது.

சார்ஜரைத் தேடிப் பையின் பக்க ஜிப்பைத் திறந்தபோது
நாலாய் மடித்த காகிதம்:

திரையைத் துடைக்க வேண்டாம்.
அலைகளைக் கண்ணாடிமேல் போட்டிருக்கிறேன்.
பக்கத்தை நகர்த்தாமல் படித்தால்
எல்லாம் சரியாக வரும்.

பஞ்சைப் பார்த்தேன்.
நீலமாய்க் கசங்கிக் கிடந்தது.

விசை பொருத்த இருபது நொடி.
அதன்பின் ஒரு மணி நேரம், கூலி இல்லாத வேலை.
ஆண்டுக்கு ஒரு அலை.
கழுத்து முடிச்சுக்கு, நகத்துக்கு.
நாளைக்கு ஒன்று, இன்னொரு நாளைக்கும் ஒன்று.

கடைசி வரி:
அப்பா மே மாதத்திலிருந்து கானாவில்.
ஞாயிறுதோறும் அம்மா சாப்பாடு கொண்டுபோவாள்.

காஞா என்றால் கரும்பு.
அந்த ஊர் அப்பாக்களில் பாதிப் பேர் அதற்குள்தான்.
கானா என்றால்
எங்கள் தெருப் பேச்சில் சிறை.

துடைத்தது ஐந்தா, ஆறா?
விளக்கடியில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
பேனா முனையின் தடம்கூட இல்லை.
அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவன் நான்.

கரும்புதான், போட்டுவிடு, என்றான் வில்மார்.
அவன் அண்ணன் இரண்டு வருடம் உள்ளே இருந்தவன்.
சொல்லிவிட்டு
என் பக்கம் திரும்பாமல் திருகாணிகளைப் பொறுக்கினான்.

விரல் புது விசைமேல் இருந்தது.
எடுத்துவிட்டேன்.
அந்த எழுத்தின் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த கோட்டை
அப்படியே துடிக்க விட்டு,
செய்த வேலை என்ற கட்டத்தில் எழுதினேன்:

விசை மாற்றப்பட்டது.
திரை துடைக்கப்பட்டது, மன்னிக்கவும்.
பக்கத்தை நகர்த்தவில்லை.