குறிப்பு என்னும் கட்டம்

வண்டி எண், தடம், வந்த நேரம், போன நேரம்.
கடைசியாக ஒரு கட்டம்: குறிப்பு.
பதினோரு வருஷமாய் அதில் நான் எழுதியது
பஞ்சர், மழை, ஹர்த்தால்.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில்
காதுதான் முதலில் பார்க்கும்.
மார்த்தாண்டம் வண்டிக்கு இரண்டாம் கியரில் ஓர் இருமல்,
வெள்ளறடை வண்டிக்குப் பிரேக்கில் கீச்சல்.
குனிந்த தலை நிமிராமல் நேரம் போடுவேன்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை
எட்டு ஐந்துக்கு வந்ததை
எட்டு ஒன்பதுக்கு எழுதினேன்.
திருவனந்தபுரத்துக் கரண்டு வண்டி,
வெளிர்நீலம், அடைத்த கண்ணாடி,
பால் பொங்குவதற்கு முந்தின நொடியைப் போல
என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"ஓடுதா நிக்குதா இந்தச் சவம்?" என்றார்
கண் தெரியாத ஞானதாஸ்.
அவர் லாட்டரி விற்பது எல்லைக்கு அந்தப் பக்கம்.
பத்தடி இந்தப் பக்கம் வந்தால் டீ மட்டும்தான் குடிக்கலாம்.

பொய் சொல்லக் கூடாது.
சாயங்காலம் மூக்கைத் துடைத்த கைக்குட்டையில்
வழக்கமான கறுப்புதான்.
நூறு வண்டியில் ஒரு வண்டி என்ன செய்யும்?
ஆனால் அது நின்ற ஆறு நிமிஷம்
டீக்கடையின் ஏலக்காய் என் மேசை வரை வந்தது.

பிறகு பனிமேரி வந்தாள்.
தலையில் அலுமினியச் சருவம், நிறையச் சாளை.
பின்னால் ரீத்தாள், ஜெர்மலம்மாள், கில்டா.
பழைய எட்டு ஐந்தில் இருபது வருஷம்
படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து போனவர்கள்.
கண்டக்டர் கதவுக்குக் குறுக்கே கை நீட்டினார்.
"ஏசியாக்கும் அம்மா. ஜன்னல் திறக்காது."
"மீனுக்கு ஏசி நல்லதுதானேப்பா?"
உள்ளே ஒருத்தர் சிரித்து, நிறுத்திக்கொண்டார்.

கதவு மூச்சுவிட்டு மூடியது.
சத்தமில்லாமல் வண்டி போக,
அதன் பின்னாலேயே கிளம்பின நான்கு டீசல் ஆட்டோக்கள்
அமரவிளைக்கு, நெய்யாற்றின்கரைக்கு, பாலராமபுரத்துக்கு,
கறுப்பு வாலை இழுத்துக்கொண்டு,
ஒவ்வொன்றிலும் ஒரு சருவம்.

எழுதினேன்:
*புகையில்லா வண்டி ஒன்று.
அதனால் புகைவிட்ட ஆட்டோ நான்கு.*

செவ்வாய், நான்கு. புதன், நான்கு.
வியாழன், மூன்று. கில்டா வரவில்லை.
ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டால்
மீனில் மிஞ்சுவது செதில்தான் என்றாளாம்.

படியெடுத்து அனுப்பினேன், நாகர்கோவிலுக்குத் தமிழில்,
திருவனந்தபுரத்துக்கு என் பிழை மலையாளத்தில்.
அது எங்கள் வண்டி அல்ல என்றது ஒரு பதில்.
அது எங்கள் ஸ்டாண்டு அல்ல என்றது இன்னொன்று.
இரண்டுமே உண்மை. இரண்டையும் பதிவேட்டில் ஒட்டினேன்.

இருபத்தாறாம் நாள்
டிரைவர் ஷிபுலால் நீலத் தார்ப்பாய் ஒன்றோடு இறங்கினார்.
கேட்டு வந்தாரா, கேளாமல் வந்தாரா, நான் விசாரிக்கவில்லை.
சக்கர நாற்காலிக்கு விட்டிருந்த இடத்தில் அதை விரித்தார்.
நாற்காலி வந்தால் சருவம் இறங்கணும் என்றார்.
"பின்னே?" என்றாள் பனிமேரி,
இதெல்லாம் சொல்லித் தெரியணுமா என்கிற முகத்தோடு.
வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்து இறங்கினார்.
அதையும் எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்தில்.

அன்று ஆட்டோ: ஒன்றுமில்லை.

இப்போது தலை நிமிராமலே நேரம் போடுகிறேன்.
கதவு திறக்கும்; லேசாகச் சாளை மணக்கும்.
ஞானதாஸ் காதைச் சாய்ப்பதில்லை,
முகத்தைத் தூக்கி "எட்டு அஞ்சு" என்கிறார்,
என் கடிகாரத்துக்கு முன்னால்.

குறிப்பு:
கில்டா இன்றும் வரவில்லை.